கைகாட்டி இறங்கியாச்சு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கோவையாக எழுத வராது. தமிழ்ப்பள்ளியில் நாலாவதோடு நிறுத்திவிட்டார்கள். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து வேறெங்கோ போய் நிற்பேன். மறதியும் இருக்கிறது. முன்னது பின்னதாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விருந்தாளி வந்தாலே அடுப்படிக்குள் போய்விடுகிறவள் நான். அப்படிப்பட்டவள் பேனாவைப் பிடித்திருக்கிறேன் என்றால் கோபம்தான் காரணம்.

போன மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்தது. நல்ல பிள்ளை. வெறுங்கையோடு வராமல் பழம் வாங்கி வந்தது. அந்தக் காலத்து ரயில்வே குடும்பங்கள் எப்படிப் பிழைத்தன என்று ஆராய்ச்சி செய்கிறதாம். பேச்சைப் பிடிக்கிற மெஷினை மேசைமேல் வைத்துவிட்டு, "பாட்டி, அப்ப பொம்பளைங்க ரயில்வேல என்ன வேலை செஞ்சாங்க?" என்று கேட்டது. மெஷினைப் பார்த்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மருமகள்தான் பதில் சொன்னாள்: "என்ன வேலை லா, வீட்டு வேலைதான்."

"அதான் ஆன்டி, நாங்களும் பழைய பேப்பர் எல்லாம் பாத்துட்டோம். ரயில் கேட்டு வேலைக்கெல்லாம் ஆம்பளைங்க பேருதான் இருக்கு. பொம்பளைங்க எல்லாம் சார்ந்து வாழ்ந்தவங்கன்னுதான் போட்டிருக்கு" என்றது அந்தப் பிள்ளை.

சார்ந்து வாழ்ந்தவர்களாம்! யார் யாரைச் சார்ந்து? பிள்ளை போன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. சின்ன வயதில் நான் பார்த்த கேட்டம்மாவின் முகம் வந்து நின்றுகொண்டது. அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபம் இல்லை. எழுதி வைத்ததைத்தானே அது படிக்கும்? எழுதி வைத்தவர்கள்மேல்தான் என் வயிறு எரிகிறது.

கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குப் போகும் தண்டவாளத்தைச் செம்மண் ரோடு ஒன்று குறுக்கே வெட்டும் இடத்தில் நாங்கள் இருந்தோம். அப்பா தண்டவாளம் பார்க்கும் கேங்கில் வேலை. இந்தப் பக்கம் எங்கள் லயம், வரிசையாகக் கூலியாள் வீடுகள். அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், மாரியம்மன் கோயில், கள்ளுக்கடை, சுடுகாடு. படிக்கிறவன், கும்பிடுகிறவன், குடிக்கிறவன், செத்தவன் எல்லாரும் அந்த ரயில் கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். சுண்ணாம்பு அடித்த இரண்டு நீளமான மரக் கதவுகள். பக்கத்தில் ஒற்றை அறை வீடு. அதில்தான் கேட்டுக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அந்த மனைவியைத்தான் லயத்தில் எல்லாரும் கேட்டம்மா என்போம்.

நெட்டையாக, ஒடிசலாக இருப்பார். புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருப்பார். மற்றப் பெண்கள் இடுப்பில் வெற்றிலைப் பை செருகும் இடத்தில் அவர் பச்சைக் கொடியையும் சிவப்புக் கொடியையும் சுருட்டிச் செருகியிருப்பார். துவைத்த புடவையோடு இரண்டு கொடிகளும் ஒரே கயிற்றில் காயும். கதவைக் கையால் தள்ள மாட்டார். இடுப்பைக் கொடுத்து ஒரு தள்ளு. அது கிறீச்சென்று போய் இரும்புக் கொக்கியில் 'டங்' என்று விழும். அந்தச் சத்தம் லயத்துக் கடைசி வீடுவரை கேட்கும்.

சம்பளம் கேட்டுக்காரருக்கு. வேலை கேட்டம்மாவுக்கு. ஏனென்றால் கேட்டுக்காரருக்குக் கண்ணில் பூ விழுந்து பார்வை போய்விட்டது. எனக்கு நினைவு தெரிந்தபோதே அவர் கை சுவரைத் தடவித்தான் நடக்கும். வெளியே தெரிந்தால் வேலை போகும், வேலை போனால் வீடு போகும், அப்புறம் கப்பல்தான். ரப்பர் விலை விழுந்திருந்த காலம் அது. தோட்டங்களிலும் ரயில்வேயிலும் ஆட்களைக் குறைத்துக்கொண்டே இருந்தார்கள். வேலை இல்லாதவனை மூட்டையோடு கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். கேட்டம்மாவுக்கு ஊரில் ஒருவரும் இல்லை. அவருக்கு இருந்ததெல்லாம் அந்தக் கேட்டும் அந்த ஒற்றை அறையும்தான்.

அதனால் அந்த வீட்டில் எல்லாம் தலைகீழ். கேட்டம்மா வெளியே கொடியோடு நிற்பார். கேட்டுக்கார ஐயா உள்ளே உட்கார்ந்து தடவித் தடவிப் பூண்டு உரிப்பார், ரசம் வைப்பார். நல்ல ரசம். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் சிரிப்பார்கள். "ஏன் கேட்டம்மா, ராத்திரிக்குக் காலையும் அவருதான் அமுக்கி விடுவாரா?" "ஆமாண்டி, உன் வீட்டுக்காரனையும் அனுப்பு, கத்துக் குடுப்பாரு" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவார்.

அவரிடம் ஒரே ஒரு பேச்சுதான் செல்லாது. மூடிய கேட்டைத் திறக்கச் சொல்கிற பேச்சு. தூரத்தில் கைகாட்டி மரத்தின் கை கீழே இறங்கினால் ரயில் வருகிறது என்று அர்த்தம். "கைகாட்டி இறங்கியாச்சு" என்பார். அதற்குமேல் சாமியே வந்து கேட்டாலும் திறக்க மாட்டார்.

ஒருநாள் தோட்டத்துத் துரையின் கார் வந்து நின்றது. ஹார்ன் அடித்து அடித்து ஓய்ந்துபோய் டிரைவர் இறங்கி வந்தான். நம் ஆள்தான். வெள்ளைச் சட்டை போட்டால் சிலருக்குக் குரலே மாறிவிடும்.

"ஏ பொம்பளை, யாரு உள்ள இருக்காருன்னு தெரியுமா? தெற!"

"கைகாட்டி இறங்கியாச்சு."

"தொரைக்கு அவசரம்."

"தொரை ஒடம்புலயும் எலும்புதானே இருக்கு? ரயிலுக்கு எந்த எலும்பா இருந்தா என்ன?"

பள்ளிக்கூடம் போகக் காத்திருந்த நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். டிரைவர் அவரை விட்டுவிட்டு எங்களைத் திட்டினான்.

துரையை நிறுத்தியதற்கு லயமே அவரை மெச்சியது. எங்கள் சின்னம்மா கல்யாண ஊர்வலத்தை நிறுத்தியதற்கு மட்டும் மன்னிக்கவே இல்லை. மாரியம்மன் கோயிலில் தாலி கட்டு. மேளத்தோடு கேட்டருகே போகிறோம், கதவு 'டங்' என்று விழுந்தது. ரயில் வருவதாகத் தெரியவில்லை. நேரம் போகிறது. மாப்பிள்ளையின் தாய்மாமன் குதித்தார்.

"முகூர்த்தம் போவுது, தெறம்மா! ரயிலையே காணோமே!"

"கைகாட்டி கண்ணுக்குத் தெரியுதுல்ல?"

"வயித்துல ஒரு புழு பூச்சி வச்சதில்ல. இவளுக்கு எங்க தெரியும் கல்யாணத்தோட அரும?"

மேளம் நின்றுவிட்டது. கேட்டம்மா தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "பொண்ணு கோயிலுக்கு உசுரோட போவணுமா, வேணாமாங்க?" என்றார். அவ்வளவுதான். சரக்கு ரயில் ஒன்று கிள்ளான் பக்கமாக மெதுவாகக் கடந்து போனது. கதவைத் திறந்துவிட்டு, சின்னம்மா கடக்கும்போது தலையில் நழுவிய பூச்சரத்தை எடுத்துச் சரியாகச் செருகிவிட்டார். நல்ல நேரம் தப்பிப்போய்த்தான் தாலி ஏறியது. பின்னால் சின்னம்மாவின் தலைப்பிள்ளை காய்ச்சலில் போனதும் பழியெல்லாம் கேட்டம்மா தலையில் விழுந்தது. வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் வரவில்லை, மருந்து கிடைக்கவில்லை. அதை ஒருவர்கூடப் பேசவில்லை. கேட்டை மூடினாளாம், பிள்ளை செத்ததாம்! அந்த முகத்தைப் பார்க்காதே என்று அம்மா எனக்குச் சொல்லிவிட்டாள். தினமும் அந்த வழியாகப் போகிறவள் எப்படிப் பார்க்காமல் இருப்பேன்?

இன்ஸ்பெக்டர் துரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் ஒரு துரைதான், ஆனால் தோட்டத்துத் துரை இல்லை. தண்டவாளத்தையும் கேட்டுகளையும் மேற்பார்வை பார்க்கிறவர். டிராலியில் வருவார். அது தண்டவாளத்தின்மேல் ஓடும் பெஞ்சு மாதிரி இருக்கும். அவர் முன்னால் உட்கார்ந்திருப்பார். நம் ஆட்கள் இரண்டு பேர் பின்னால் தள்ளிக்கொண்டு ஓடி வந்து தாவி ஏறிக்கொள்வார்கள். அவர் வரும் நாளில் கேட்டுக்காரர் கேட்டில் நிற்க வேண்டுமே! அதற்கு அந்தத் தள்ளுகிறவர்களே ஒரு வழி செய்திருந்தார்கள். வளைவு திரும்பும்போதே பாட ஆரம்பிப்பார்கள்:

"கோட்டு மாட்டு மாமா, ஏலேலோ! பித்தான் போடு மாமா, ஏலேலோ!"

உடனே கேட்டம்மா ஓடிப்போய் ஐயாவுக்குக் காக்கிக் கோட்டை மாட்டி, கையில் கொடியைக் கொடுத்து, கதவுப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவார். தான் வாசல் படலுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இப்ப சலாம் போடுங்க" என்று மெதுவாகச் சொல்வார். ஐயாவும் விறைத்து நின்று சலாம் போடுவார்.

ஒருநாள் டிராலி வழக்கம்போல் கோலாலம்பூர்ப் பக்கமிருந்து வராமல் கிள்ளான் பக்கமிருந்து வந்துவிட்டது. கேட்டம்மா வழக்கம்போலவே ஐயாவை நிறுத்திவிட்டார். சொல்லித் திருப்புவதற்குள் ரோட்டோரம் நின்ற எருமை ஒன்று பெரிதாகக் கனைத்தது. ஐயா அதைப் பார்த்து அட்டகாசமாக ஒரு சலாம் போட்டார். துரை அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்! தள்ளுகிறவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தண்டவாளத்தைக் குனிந்து பார்த்தார்கள்.

இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். "என்ன மேன், எருமைக்கெல்லாம் சலாமா? நான் இந்தப் பக்கம்" என்று சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு படல் பக்கம் பார்த்தார். படலுக்கு வெளியே புடவைத் தலைப்பு தெரிந்தது. "கேட்டு சுத்தமா இருக்கு. இப்பிடியே பாத்துக்க" என்று படலைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். தமிழ் தெரிந்தவருக்கு அந்தப் பாட்டு மட்டும் புரியாமலா இருந்திருக்கும்?

அதற்கப்புறமும் வந்தார். பாட்டு வந்தது, கோட்டு மாட்டியது, சலாம் நடந்தது. சில நாள் வேண்டுமென்றே சத்தம் போடாமல் இறங்கி வேறு பக்கம் போய் நின்றுகொள்வார். குருட்டு மனிதர் எந்தப் பக்கம் சலாம் போடுகிறார் என்று பார்த்துச் சிரிப்பதற்காக. லயத்திலோ, "தங்கமான மனுசன், தெரிஞ்சும் காட்டிக் குடுக்கல" என்று பேசிக்கொண்டார்கள். என் அப்பாவும் சொன்னார். அதைக் கேட்டு ஒருநாள் கேட்டம்மா வெடித்துவிட்டார்.

"என்ன தங்கம்? ஒரு ஆளு சம்பளத்துல ரெண்டு ஆள வச்சிருக்காரு. கேட்டும் நல்லா நடக்குது, சிரிக்க வேடிக்கையும் இருக்கு. அவருக்கு என்ன கொறச்சல்? நாளைக்கு ஒண்ணுன்னா நீ யாருன்னு என்னையே கேப்பாரு, பாத்துக்கிட்டே இருங்க."

பேசியதோடு நிற்கவில்லை. அடுத்த முறை டிராலி வந்தபோது படலுக்குப் பின்னால் ஒளியாமல் நேரே வந்து நின்றார். எங்கள் அப்பா, மண்டோர் என்று நாங்கள் சொல்லும் கேங்குத் தலைவர், கேங்கு ஆட்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள்.

"தொரை, அவருக்கு ஒடம்பு முடியல. கேட்டு வேலைய என் பேருக்கு எழுதிக் குடுங்க. நான்தான் பாக்கறேன். உங்களுக்கே தெரியும்."

துரை மண்டோரைப் பார்த்துச் சிரித்தார். "பொம்பளை பேருல கேட்டா? ரயிலே சிரிக்கும் மேன்."

மண்டோரும் சிரித்தார். அப்பா சிரித்தாரா என்று எனக்கு நினைவில்லை. கேட்டம்மா, "ரயிலு சிரிக்காது தொரை. நெதம் என் கொடியப் பாத்துத்தான் போவுது" என்றார். டிராலி போய்விட்டது.

மழைக்காலத்தில் கேட்டுக்காரருக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு விடியற்காலை போய்விட்டார். பகலில் எடுத்தார்கள். அன்றைக்குக் கேட்டைப் பார்த்துக்கொள்ளும்படி மண்டோர் ஓர் ஆளிடம் சொல்லியிருந்தார். அவனோ தோள் கொடுக்கப் போய்விட்டான். தப்பு அடித்துக்கொண்டு கள் மயக்கத்தில் ஆட்டமாக ஊர்வலம் போனது. பெண்கள் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட வேண்டும். கேட்டம்மாவைச் சுற்றி நாங்கள் நின்றிருந்தோம். பெரியவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அவிழ்ந்த தலையோடு உட்கார்ந்திருந்தவர் திடீரென்று தலையைத் தூக்கித் தூரத்தில் பார்த்தார். எழுந்தார். ஓடினார்.

"அடியே, புருசன் பொணத்துக்கு முன்னாலயா ஓடுற?" என்று என் அம்மா கத்தினாள்.

பாடை கதவருகே போய்விட்டது. அவர் அதற்கு முன்னால் புகுந்து இடுப்பைக் கொடுத்துத் தள்ளினார். 'டங்.' எதிர்ப்பக்கத்துக் கதவையும் ஓடிப்போய் மூடிவிட்டுத் திரும்பினார். தப்பு நின்றது.

"அக்கா, அவரு போறாருக்கா, விடுக்கா" என்றார் மண்டோர்.

"கைகாட்டி இறங்கியாச்சு."

"உன் புருசன்க்கா!"

"இருக்கட்டும். ஒரு வண்டி போற வரைக்கும் இருக்கட்டும். எங்க போயிடப் போறாரு?"

இடுப்பிலிருந்து பச்சைக் கொடியை எடுத்து நீட்டிப் பிடித்தார். புருஷன் செத்த அன்றைக்கும் அது அங்கேதான் இருந்திருக்கிறது! ரயில் வந்தது. அந்த வேகக் காற்றில் பாடையிலிருந்த பூவெல்லாம் பிய்ந்து எங்கள்மேல் பறந்தது. ஒரு கை நீட்டினால் தொடும் தூரத்தில் பாடை. அதைத் தூக்கியிருந்த ஆட்களுக்குப் போதை இறங்கி முகம் வெளுத்துவிட்டது. அதில் என் அப்பாவும் ஒருவர். அந்தக் கதவு விழாமல் இருந்திருந்தால் அன்றைக்குப் பிணம் ஒன்றோடு நின்றிருக்காது.

ரயில் போனதும் எதிர்ப்பக்கம் தெரிந்தது. டிராலியைத் தண்டவாளத்திலிருந்து தூக்கி வைத்துவிட்டு இன்ஸ்பெக்டர் துரை நின்றுகொண்டிருந்தார். செத்தவருக்காகத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அத்தனையும் பார்த்திருக்கிறார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன், நான் சின்னப் பெண்தானே. தொப்பியைத் தலையில் போட்டார்.

"யாரு மேன் இந்தப் பொம்பளை கையில கொடியக் குடுத்தது?"

மண்டோர் தரையைப் பார்த்தார். பாட்டுப் பாடித் தள்ளுகிற ஆட்களும் தரையைப் பார்த்தார்கள். கேட்டம்மா கதவைத் திறந்து பாடைக்கு வழி விட்டார். பிறகுதான் துரையிடம் திரும்பினார்.

"நீங்கதான் தொரை குடுத்தீங்க. எருமைக்குச் சலாம் போட்டாரே, அதப் பாத்துச் சிரிச்சீங்களே, அன்னைக்கே குடுத்துட்டீங்க."

துரையின் முகம் சிவந்தது. டிராலியில் ஏறிப் போய்விட்டார்.

கருமாதி முடியும் முன்பே புது ஆளை அனுப்பிவிட்டார்கள். கேட்டம்மாவுக்குக் கப்பல் சீட்டு. கேட்டுக்காரர் இறந்துவிட்டார், அவர் மனைவிக்கு இனி இங்கே வேலை இல்லை, ஊருக்குப் போகட்டும் என்று வந்த கடிதத்தை மண்டோர் படித்துக் காட்டினார். இனி வேலை இல்லையாம்! அப்படியானால் அதுவரை செய்தது என்னவாம்?

அவர் போன காலை நான் பள்ளிக்கூடம் போகிற நேரம். ஒரு தகரப் பெட்டியும் ஒரு பாய்ச் சுருட்டும் மாட்டுவண்டியில் இருந்தன. வண்டி கேட்டருகே வந்தபோது கைகாட்டி இறங்கிவிட்டது. புது ஆள் கதவைப் பிடித்து இழுக்கிறான், அது அசையவில்லை. கேட்டம்மா வண்டியிலிருந்து குதித்து ஓடிப்போய் இடுப்பைக் கொடுத்தார்.

அவன் பதறிவிட்டான். "வேணாங்க்கா, கைய எடுங்க. தொரை பாத்தாருன்னா என் வேலையும் போயிடும்க்கா."

அவர் எடுத்துவிட்டார். ரோட்டோரமாக வந்து எங்களோடு நின்றார். கை இரண்டும் சும்மா இருந்தன. எங்கே வைப்பது என்று தெரியாமல் கொடி செருகும் இடத்தில் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத் தொங்கவிட்டார். நான் அழுதது அப்போதுதான். பாடைக்குக்கூட நான் அழவில்லை. அவன் தட்டுத்தடுமாறி எப்படியோ மூடினான். கொக்கி விழவில்லை.

"தம்பி, கொக்கி விழற சத்தம் கேக்கணும்" என்றார். "அந்தச் சத்தத்தக் கேட்டுத்தான் புள்ளைங்க நிக்கும்."

'டங்' என்றது. ரயில் போனது. அவர் வண்டியில் ஏறிக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

கப்பல் ஏறினார் என்று சிலர் சொன்னார்கள். இல்லை, கிள்ளானிலேயே இறங்கிப் பாசார் சந்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மாவு அரைத்தார் என்று டிராலி தள்ளுகிறவர்களில் ஒருவர் சொன்னார். எது உண்மை என்று எனக்குத் தெரியாது. இப்போது அங்கே கேட்டும் இல்லை, லயமும் இல்லை. மேலே பாலம், கீழே கரண்டு ரயில்.

ஆராய்ச்சிப் பிள்ளைக்கும் இதைப் படிக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நான் தப்பாக எழுதியிருக்கலாம். அந்தக் கேட்டு எந்த ஸ்டேஷனுக்குப் பக்கம், அந்தத் துரை எந்த வருஷத்தில் இருந்தார், கேட்டம்மாவின் சொந்தப் பெயர் என்ன, எதுவும் எனக்குத் தெரியவில்லை. அந்த லயத்தில் இருந்தவர்களின் பிள்ளைகள் யாராவது இருந்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள். பேப்பரில் தேடினால் கேட்டுக்காரர் பெயர்தான் கிடைக்கும். அதனால் சம்பளம் யாருக்குப் போனது என்று கேட்க வேண்டாம். கதவை யார் மூடியது என்று கேளுங்கள்.